கடலடி வடம் பிடித்தல்

கடலை ஆராய்வதற்கென்று ஏற்பட்ட ஆழ்கடல் நோக்கு நிலையத்தின் தலைமை அலுவலகம் தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. மாடியில் ஏறி எட்டிப் பார்த்தாலும் கடல் தெரியாது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் காய்கிற வடாம்தான் தெரியும். கடல் நிலையம் கடற்கரையில் இருந்தால் என்ன என்று ஒரு பத்திரிகை நிருபர் விவரம் புரியாமல் கேட்டுவிட்டார். இயக்குநர் டாக்டர் கோதண்டபாணி அவரை மன்னித்து விளக்கம் சொன்னார்.

"பக்கத்திலேயே இருந்தால் கடல் மேல் பாசம் வந்துவிடும். விஞ்ஞானிக்குப் பாசம் கூடாது."

இயக்குநரின் வீடு அடுத்த தெருவில் இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான், அதைக் குறை சொல்லக் கூடாது. பெசன்ட் நகர்க் கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, கடலின் அடியில் ஒரு கருவியை உட்கார வைப்பார்கள். தண்ணீரின் சூடு, நீரோட்டம், பூமியின் நடுக்கம் எல்லாவற்றையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். அது கண்டதைக் கரைக்குச் சொல்ல ஒரு நீளமான கேபிள் வேண்டும். அந்தக் கேபிள் ஆடி மாதம் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. எங்கே ஒப்படைப்பது என்று துறைமுகத்தில் கேட்டார்கள். தலைமை அலுவலகத்தில் என்று பதில் போயிற்று.

அப்படித்தான் கடலுக்கடியில் கிடக்க வேண்டிய கேபிள், துறைமுகத்திலிருந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தியாகராய நகருக்கு வந்து சேர்ந்தது. இரண்டு ஆள் உயர மர உருளையில் நூற்கண்டு மாதிரி சுற்றி, நான்கு சக்கர வண்டி ஒன்றின் மேல் ஏற்றி, லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். பங்களாவின் கேட்டுக்குள் உருளை நுழையவில்லை. டிரைவர் இரண்டு தடவை முட்டிப் பார்த்தார். பிறகு வண்டியைப் பக்கத்துக் கடை வாசலை அடைத்தாற்போல் நிறுத்தி, கழற்றி விட்டுவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு லாரியோடு போய்விட்டார்.

பக்கத்துக் கடை, முத்துலட்சுமி ஜவுளி ஸ்டோர்.

கடைக்காரர் நல்லசிவம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மனைவி பேரில் கடை திறந்து இரண்டாவது வருஷம். முதல் வருஷத் தீபாவளி மழையோடு போயிற்று. இந்த வருஷம் கையில் இருந்ததையெல்லாம் போட்டுச் சரக்கு எடுத்து அடுக்கியிருந்தார். இந்தத் தீபாவளியும் கைவிட்டால் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய், மனைவியின் அண்ணன் கடையில் அளவுகோல் பிடிக்க வேண்டியதுதான். மச்சினன் இப்போதே, "பட்டணம் எல்லாருக்கும் ஒத்துக்கிடாது மாப்ள, நம்ம கடை இருக்கவே இருக்கு" என்று அன்பாகச் சொல்லி வருகிறவர். அந்த அன்புக்குப் பயந்தே நல்லசிவம் ஊர்ப் பக்கம் போவதில்லை.

உருளை வந்த அன்றே அவர் நிலையத்துக்குப் போனார். தலைமை எழுத்தர் காஸ்பர், சாந்தோமிலிருந்து சைக்கிளில் வருகிறவர், ரொம்ப நல்ல மனிதர். யார் வந்தாலும் நாற்காலி போட்டு, காபி வரவழைத்துக் கொடுத்து, அவர்கள் குடித்து முடித்த பிறகே முடியாது என்று சொல்லுவார்.

"நல்லசிவம் சார், அது கடலடிச் சாமான். கடலுக்கு அடியில இருந்தாத்தான் எங்க பொறுப்பு. இப்ப தரையில நிக்குது பாருங்க."

"அப்பம் யாரு பொறுப்பு?"

"தரையில நிக்கிற வரைக்கும் யாருமில்ல. அதான் சிக்கல்."

"கடலுக்கு யாரு கொண்டு போவா?"

"நாங்கதான். எங்க பொறுப்புக்கு வந்த உடனே கொண்டு போயிடுவோம்."

நல்லசிவம் காலி டம்ளரைப் பார்த்தார். காஸ்பர் இன்னொரு காபி சொல்லட்டுமா என்று கேட்டார்.

மறுபடி மறுபடி நடந்து, இயக்குநரையே பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. கோதண்டபாணி எழுந்து நின்று பேசினார். ஒரே ஒரு ஆள் முன்னால் இருந்தாலும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"மனிதன் நிலாவில் இறங்கிவிட்டான். நாங்கள் கடலுக்குள் இறங்கப் போகிறோம். நீங்கள் வாசலைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஒரு ஜவுளிக்கடை விஞ்ஞானத்துக்கு முட்டுக்கட்டை போடலாமா?"

"ஐயா, நான் எங்க முட்டுக்கட்டை போட்டேன்? ஒங்க சாமான்தான் என் கடைக்கு முட்டுக்கட்டையா நிக்கி."

"அதையேதான் நானும் சொல்கிறேன். அந்த இடத்தில் உங்கள் கடை இல்லாவிட்டால் அது எதற்கு இடைஞ்சல்? யோசித்துப் பாருங்கள்."

நல்லசிவம் யோசித்துப் பார்த்தார். இயக்குநர் சொல்வது சரியாக இருப்பது போலவே இருந்தது. பெரிய அதிகாரிகளிடம் இதுதான் ஆபத்து.

அவருடைய புகாருக்குப் பலனில்லாமல் போகவில்லை. பெறுமதியான சாமான் தெருவில் கிடக்கிறது என்பது நிலையத்துக்கு அதன் மூலம்தான் உறைத்தது. உடனே காவலுக்கு ஓர் ஆள் போட்டார்கள். அம்மாசி என்கிற அந்த ஆள் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து, உருளைக்கும் கடைக்கும் நடுவே ஒருவர் ஒருக்களித்து நுழைய மிச்சமிருந்த சந்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னா அண்ணாச்சி, மூஞ்சி வாடிக் கீது? வா, இப்டி குந்து" என்று கடைக்காரரையே கடை வாசலில் வரவேற்றான்.

ஆவணியில் கேபிள் போடும் கப்பல் வந்தது. நல்லசிவம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஆனால் கேபிள் கிளம்பவில்லை, காரணம் அதற்குப் பெயர் இல்லை. பதிவேடுகள் எல்லாம் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று புதிதாக உத்தரவு வந்திருந்தது. அதில் தவறு ஒன்றுமில்லை. நிலையத்துக்குத்தான் ஒரு சொல்லைத் தேட ஒரு குழு வேண்டியிருந்தது. பெயரில்லாத பொருளைப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது, ஏற்றாததை எப்படி வெளியே அனுப்புவது? பெயர்சூட்டு உபகுழு கூடியது.

முதலில் 'கம்பி' என்றார்கள். கணக்குப் பிரிவு ஆட்சேபித்தது. கம்பி என்றால் கம்பி எண்ணுவது, கம்பி நீட்டுவது என்றெல்லாம் நினைவு வருவதாகவும், அது ஊழியர்களின் மனத்தைப் புண்படுத்தும் என்றும் சொன்னார்கள். 'கயிறு' என்றதும் அறிக்கைகள் எழுதும் பிரிவு எழுந்தது. கயிறு திரிக்கிறோம் என்று வெளியில் ஏற்கெனவே பேச்சிருக்கிறது, நாமே ஒப்புக்கொள்ள வேண்டுமா? 'கொடி' என்று ஒருவர் சொல்ல, எந்தக் கட்சிக் கொடி என்று இன்னொருவர் கேட்க, கூட்டம் ஒரு வாரம் ஒத்திவைக்கப்பட்டது. வெளியூரிலிருந்து வரவழைத்த புலவர் ஒருவர் 'நீரடி மின்செய்தி நெடுந்தாம்பு' என்றார். அவருக்குப் பொன்னாடை போர்த்தி ரயிலேற்றினார்கள்.

கடைசியில் 'வடம்' நிலைத்தது. கடலடி வடம். அதற்குள் கப்பல் காத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"கப்பல் போனால் வரும். தவறான பெயர் வந்துவிட்டால் போகுமா?" என்றார் இயக்குநர்.

புரட்டாசி பிறந்தது. கடைக்கு வருகிறவர்கள் உருளையைப் பார்த்து, கடை மூடியிருக்கிறது போலும் என்று எதிர்க்கடைக்குப் போனார்கள். முத்துலட்சுமி கல்லாவில் உட்கார்ந்து மத்தியானம் வரை கொட்டாவி விட்டாள்.

"சும்மா ஒரு நடை ஊருக்கு வந்துட்டுப் போறோம்னு அண்ணனுக்கு எழுதிரட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் எழுத வேண்டாம். தீவாளி முடியட்டும்" என்றார் நல்லசிவம்.

இந்த நேரத்தில்தான் உருளையின் மேல் பலகை மாட்டினார்கள். 'கடலடி வடம். தொடாதீர்' என்று எழுதியிருந்தது. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய ஓர் அம்மாள் அதைப் படித்தார். வண்டியைப் பார்த்தார், சக்கரங்களைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்தக் கோயில் தேர்ப்பா?"

அம்மாசி பெஞ்சிலிருந்து எழுந்தான். "கடலம்மன் கோயிலும்மா."

அந்த அம்மாள் எட்டணாவை வைத்துவிட்டுப் போனார். நல்லசிவம் பாய்ந்து வந்தார்.

"ஏன்யா, பொய்யா சொல்லுத?"

"இன்னா பொய்யி? வடம்னு எழ்திக்கீது. வடம் இருந்தா தேரு இருக்கும். தேரு இருந்தா சாமி இருக்கும். நானா எழ்தினேன்? படிச்சவன் எழ்தினான்."

மறுநாள் உருளைக்கு மஞ்சள் பூசியிருந்தது. அதற்கு மறுநாள் எலுமிச்சம்பழம். அம்மாசி கற்பூரம் விற்க ஆரம்பித்தான். வருகிறவர்கள் செருப்பை முத்துலட்சுமி ஜவுளி ஸ்டோர் படியில் விட்டுவிட்டு, உருளையைச் சுற்ற இடமில்லாததால் நின்ற இடத்திலேயே தங்களைத் தாங்களே சுற்றிவிட்டுப் போனார்கள். கடைக்குள் யாரும் வரவில்லை. சாமி கும்பிட வந்த இடத்தில் சேலை எடுப்பது மரியாதையில்லை அல்லவா?

நல்லசிவம் இரண்டு நாள் எரிச்சலில் வெந்தார். மூன்றாம் நாள் அவருக்கே பளிச்சென்று பட்டது. ஊர் ஊராக எத்தனை பெரிய தேர்களை ஜனங்கள் கையாலேயே இழுத்துவிடுகிறார்கள்! இழுக்க லாரி இல்லை, உத்தரவு இல்லை, பொறுப்பு இல்லை என்றுதானே நிலையம் சொல்கிறது? தேர் என்றால் எதுவும் வேண்டாம். வடத்தைக் கண்டால் நம் ஜனங்களின் கை சும்மா இருக்காது.

அவர் காஸ்பரிடம் ஓடினார். காபி வருவதற்கு முன்பே சொல்லி முடித்தார். காஸ்பர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், தேர் விவகாரம் அவருக்கு அவ்வளவு பிடிபடாது. ஆனால் விழா என்ற சொல் எந்த அலுவலகத்திலும் பிடிபடும். இயக்குநர் அதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். செலவில்லாமல் கேபிள் கடற்கரைக்குப் போகும், துணை அமைச்சரும் வருவார், மக்கள் பங்கேற்பு என்று ஒரு பத்தியும் எழுதலாம்.

அழைப்பிதழ் அடித்தார்கள். 'கடலடி வடம் பிடித்தல் பெருவிழா. மாண்புமிகு துணை அமைச்சர் அவர்கள் வடம் பிடித்துத் தொடங்கி வைப்பார். அனைவரும் வருக.' தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. வருஷத்திலேயே பெரிய வியாபார நாள். அன்று காலையில் வாசல் திறந்தாலும் போதும், பாதிச் சரக்கு போய்விடும் என்று நல்லசிவம் கணக்குப் போட்டார். சந்தோஷத்தில் உருளைக்குத் தேர்ச்சீலை மாதிரி சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கட்டினார். கடைச் சரக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் எள் போட்டால் விழ இடமில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளிலிருந்தே பாதிப் பேர் வந்திருந்தார்கள். நாதஸ்வரம் ஒன்று தானாகவே வந்திருந்தது. கேபிளில் கொஞ்சத்தை அவிழ்த்து வண்டியின் முன் கொக்கியில் கட்டி இரண்டு வரிசையாக நீட்டினார்கள். இழுத்தால் மேல் தோல் உரிந்து கேபிள் கெட்டுப் போகும் என்று நிலையத்து இளம் பொறியாளர் ஒருவர் முணுமுணுத்தார். விழா நாளில் அபசகுனமாகப் பேசாதே என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

துணை அமைச்சர் வடத்தைத் தொட்டார். அவ்வளவுதான். அடுத்த நொடி அவரையும் சேர்த்து ஜனங்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உருளை ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. ஆடியிலிருந்து வெயிலே பார்க்காத கடைவாசலில் வெயில் விழுந்தது. நல்லசிவம் அப்படியே நின்று அழுதார். முத்துலட்சுமி ஓடிப்போய் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள்.

தேர் தெருமுனை திரும்புவதற்குள் முதல் வாடிக்கையாளர் உள்ளே வந்துவிட்டார். பிறகு உட்கார நேரமில்லை. பாவாடைச் சீட்டியும் மல்லு வேட்டியும் அடுக்கை விட்டு இறங்கிக்கொண்டே இருந்தன. இரண்டு மணியாகியும் சாப்பிடவில்லை. பசிக்கவுமில்லை.

பெசன்ட் நகரில் என்ன நடந்தது என்பதை அம்மாசி பிற்பாடு விஸ்தாரமாகச் சொன்னான். மயிலாப்பூர் வழியாக, அடையாறு பாலம் தாண்டி, வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் குடித்துக்கொண்டு தேர் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. துணை அமைச்சர் வடத்தின் நுனியைக் கடலில் மூன்று தடவை முக்கி எடுத்தார். ஜனங்கள் தீர்த்தவாரி ஆயிற்று என்று தாங்களும் முங்கினார்கள். பிறகு கோதண்டபாணி பேசினார்.

"இன்று நம் வடம் கடலைத் தொட்டுவிட்டது. விஞ்ஞானத்தில் முதல் தொடுதல்தான் கடினம். மீதி நீளத்தை உள்ளே போடுவது வெறும் கூலி வேலை. அதற்குக் கப்பல் வேண்டும், கப்பலுக்குக் கடிதம் எழுத வேண்டும், கடிதத்துக்கு ஒரு குழு வேண்டும். அந்தக் குழுவை அமைக்கும் குழு அடுத்த மாதம் கூடும். அறிவியல் அவசரப்படாது."

கைதட்டல் ஓய்ந்ததும், முன்வரிசையில் ஈரத்துணியோடு நின்ற ஒரு பெரியவர் கேட்டார்: "அதெல்லாம் சரி. தேர் எப்போ நிலைக்குப் போறது?"

"எந்த நிலைக்கு?"

"என்ன சார் கேக்கறேள்? கிளம்பின எடத்துக்குத்தான். தேரை நடுவழியில விட்டுட்டுப் போனா ஊருக்கு ஆகுமோ?"

கூட்டம் முழுதும் அதையே சொன்னது. தேர் நிலைக்கு வராவிட்டால் மழை வராது என்றார்கள் சிலர், வந்தால் நிற்காது என்றார்கள் வேறு சிலர். இயக்குநர் காஸ்பரைப் பார்த்தார். கடற்கரையில் காவல் போட அனுமதி வாங்கவில்லை என்று காஸ்பர் காதில் சொன்னார். துணை அமைச்சர் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனையும் வோட்டு.

"மக்கள் விருப்பமே என் விருப்பம். நிலைக்கு இழுங்கள்!" என்றார்.

விளக்கு வைக்கிற நேரம். முத்துலட்சுமி ஜவுளி ஸ்டோரில் கூட்டம் நெரிந்தது. நல்லசிவம் ஒரு குடும்பத்துக்குப் பட்டுப்பாவாடைத் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாதஸ்வரச் சத்தம் கேட்டது. யார் வீட்டுக் கல்யாணமோ என்று நினைத்தார். அப்புறம், "இழு... இழு... ஆகட்டும்!" என்று கேட்டது.

துணியைப் போட்டுவிட்டு ஓடினார். தெருமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக அவர் கட்டிய சீலையோடு உருளை திரும்பிக்கொண்டிருந்தது. "வேண்டாம்யா! இங்க கொண்டு வராதிய! சாமியெல்லாம் இல்லைய்யா அது!" என்று கத்தினார். அவர் கை ஆட்டுவதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் உற்சாகமாகக் கை ஆட்டினார்கள்.

திரும்பி ஓடி, கடைவாசலில் படியாகப் போட்டிருந்த மரக்கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். தேரை நிறுத்த ஊரில் முட்டுக்கட்டை போடுவதைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாரே தவிர, எந்தச் சக்கரத்துக்கு எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியாது. இடது பக்கத்து முன்சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் திணித்து, மேலே காலை வைத்து மிதித்தார். இடது சக்கரம் நின்றது. வலது சக்கரம் நிற்கவில்லை. இழுத்தவர்களும் நிற்கவில்லை. வண்டி அப்படியே இடது பக்கம் அரைவட்டம் திரும்பி, கோலத்தை அழித்துக்கொண்டு, ஒரு அங்குலம் பிசகாமல் கடை வாசலை அடைத்து நின்றது. உள்ளே இருந்த வாடிக்கையாளர்கள் சந்து வழியாக ஒருக்களித்து வெளியே வந்து கும்பிட்டார்கள்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. துணை அமைச்சர் தன் கழுத்து மாலையைக் கழற்றி நல்லசிவத்துக்குப் போட்டார். கோதண்டபாணி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களைத் தவறாக நினைத்துவிட்டேன். நிலையத்துக்கு ஒருவர் முட்டுக்கட்டை போட்டால் இப்படியல்லவா போட வேண்டும்! இனி வருஷா வருஷம் வடம் பிடித்தல் உண்டு. கட்டை போடுவது நீங்கள்தான்."

"இன்னா கரீட்டா நிறுத்திக்கினே அண்ணாச்சி!" என்று அம்மாசி பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய சந்தில் போட்டான்.

நல்லசிவம் கழுத்தில் மாலையோடு ஒருக்களித்துக் கடைக்குள் நுழைந்தார். யாரும் இல்லை. பாதி விரித்த பட்டுப்பாவாடைத் துணி மேஜையில் கிடந்தது. வெளியே ஜனங்கள் வரிசையாக நின்று, படியாகக் கிடந்த கட்டை இல்லாத வாசலில் செருப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

முத்துலட்சுமி துணியை மடித்து வைத்தாள்.

"அண்ணனுக்கு எழுதிரட்டுமா?" என்றாள்.

"எழுது" என்றார் நல்லசிவம். "வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் லீவு வேணும்னு எழுது. இங்க கட்டை போட வரணும்."